கொடியில் ஒரு வேட்டி

பெருமாள்புரத்தில் ஊருக்குப் போனவர்களின்
பதினேழு கதவுகள் என் பெயரில்.
பிரம்மசக்தி, முதல்நிலைக் காவலர்,
இரவு பத்து முதல் காலை ஆறு வரை.
ஒவ்வொரு கேட்டிலும் ஒரு சின்னப் புத்தகம் தொங்கும்.
நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
மார்கழிக் குளிரில் பேனா எழுதாது,
உள்ளங்கையில் உருட்டி உருட்டி
சூடேற்றிக்கொள்வேன்.

திருடன் எதைப் பார்ப்பானோ
அதைத்தான் நானும் பார்த்துப் போகிறேன்.
ஒரே பாடம், பரீட்சைதான் வேறு.
பட்டப்பகலிலும் எரிகிற காகித நட்சத்திரம்:
அணைக்க ஆளில்லை.
நேற்றைய பேப்பரின் முதுகில் இன்றைய பேப்பர்.
தெருவெல்லாம் கோலமிருக்க
பெருக்காமல் கிடக்கும் ஒரு வாசல்.
சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கும்,
இல்லையென்றால் பழைய செருப்புக்குள்.
எனக்கே தெரிகிறது.

ஞானசிகாமணி சாரின் பேரன்
ரயில் நகரும் முன்னே போனில் போட்டுவிட்டான்,
குடும்பத்தோடு எட்டு நாள் கோவா என்று.
நூற்றுப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள்.
நூற்றுப் பதினொன்றாவது ஆள் யாரோ.
கூப்பிட்டுச் சொன்னேன், சார் சிரித்தார்:
"திண்டுக்கல் பூட்டும்மா, ஒண்ணும் ஆவாது."
பூட்டு நல்ல பூட்டுதான் சார்,
கதவைத்தான் கரையான் தின்கிறது.

தவமணி டீச்சர் மதுரைக்கு, மகள் வீட்டுக்கு.
"நகையெல்லாம் லாக்கர்ல வச்சாச்சு ஏட்டம்மா,
ரெண்டு வளையலத் தவிர.
அது அரிசி டின்னுக்குள்ள கெடக்கு."
யார்ட்டயும் சொல்லாதீங்க டீச்சர்.
"ஒங்கிட்டதான சொல்லுதேன்."
எங்கிட்டயும்.

என் வீடு ரெட்டியார்பட்டியில்
பூட்டித்தான் கிடக்கிறது.
மகன் நாங்குநேரியில், என் அம்மாவிடம்.
அந்தப் பதினெட்டாவது பூட்டுக்கு
நோட்டில் வரியில்லை.

இருபத்தைந்து, அதிகாலை மூன்றே முக்கால்.
ஆராதனைக்கு முதல் மணி அடித்தாயிற்று.
புதுச்சேலை சரசரக்கத் தெருவே கோயிலுக்குப் போய்விட்டது.
இந்த நேரத்துக்காகத்தான்
அவர்கள் வருஷம் பூராவும் காத்திருப்பார்கள்.

டீச்சர் வீட்டுப் பின்வாசலில்
டார்ச் அடித்தேன்.
நிலைச்சட்டத்தில் கடப்பாரை கடித்த தடம்,
இரண்டு விரல் அகலம்.
கீழே சிராய்,
பச்சை மர வாசம் இன்னும் போகவில்லை.
உள்தாழ்ப்பாள் தாங்கியிருந்தது.
கொல்லையில் யாருமில்லை.
கொடியில் மட்டும் ஒரு ஈர வேட்டி,
ஓட்டை பனியன், கட்டம் போட்ட துண்டு.
கட்டிக்கொடுத்த மகளைத் தவிர
யாருமில்லாத டீச்சர் வீட்டில்
ஆம்பளைத் துணி.

சுவருக்கு மேலே ஒரு தலை.
சொர்ணலிங்கம், ஓய்வுபெற்ற கண்டக்டர்.
முருங்கைக் கிளை சுவர் தாண்டியதற்கு
டீச்சரோடு முன்சீப் கோர்ட் வரை போனவர்.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

"ரெண்டு பயலுவ. கொடியப் பாத்துத் தயங்குனானுவ,
உள்ள ஆளிருக்கோன்னு.
நான் இங்கேருந்து இருமுனேன்.
ஓடிட்டானுவ."

வேட்டி யாருது?

அவர் முருங்கையைப் பார்த்தார்.
"எங்க கொடி அறுந்துபோச்சு."

சுவர் மேல் எக்கி டார்ச்சை நீட்டினேன்.
அவருடைய கொடி
இந்த முனை முதல் அந்த முனை வரை
இழுத்துக் கட்டியபடி,
ஒரு கைக்குட்டைகூட இல்லாமல்.

புத்தகத்தில் 3.55 என்று எழுதினேன்.
கடப்பாரைத் தடத்தை எழுதினேன்.
துணியை எழுதவில்லை.

ஜனவரி இரண்டு, காலை.
"ஏட்டம்மா, எவனோ எங்கொடியில
வேட்டியக் காயப்போட்டுருக்கான்,
கேஸ் எழுதணும்!"
எழுதிக்கிடுவோம் டீச்சர்.
மொதல்ல அரிசி டின்னைப் பாருங்க.

போனில் மூடி திறக்கும் சத்தம்.
அரிசி சரியும் சத்தம்.
கிணுங்கென்று இரண்டு வளையல்.
அப்புறம் டீச்சர் ஒன்றும் பேசவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
ஓர் இருமல் கேட்டது.